ஹமாம், பான்யா, சௌனா, சென்தோ: பொதுக் குளியலகத்துக்கு எந்த மொழியில் என்ன பெயர்?

ஹமாம், பான்யா, சௌனா, சென்தோ, தெர்மே என்று படிக்கிற இடமெல்லாம் ஒவ்வொரு பெயர் வருகிறது. இவையெல்லாம் ஒரே இடத்துக்கு வெவ்வேறு மொழிச் சொற்களா, தமிழில் எல்லாவற்றுக்கும் ‘பொதுக் குளியலறை’ என்று எழுதிவிடலாமா என்பது கேள்வி.

எழுதிவிடக் கூடாது என்பது என் பதில். துருக்கியின் ஹமாமுக்குப் போகிறவர் சூடான பளிங்குக் கல்லில் படுத்து அழுக்குத் தேய்த்துக்கொள்கிறார். ரஷ்யாவின் பான்யாவுக்கும் ஃபின்லாந்தின் சௌனாவுக்கும் போகிறவர் மர அறையில் உட்கார்ந்து வியர்க்கிறார். ஜப்பானின் சென்தோவுக்குப் போகிறவர் தொட்டிக்கு வெளியிலேயே சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிவிட்டு, அப்புறம்தான் வெந்நீரில் இறங்கிக் கழுத்தளவு உட்காருகிறார். கட்டடமும் வேறு, வெப்பமும் வேறு, செய்யும் முறையும் வேறு.

ஆனால் பெயர்களைக் கொஞ்சம் தோண்டினால் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரே விஷயம் கிடக்கிறது. அதுதான் சூடு. தண்ணீர் ஆற்றிலும் ஊற்றிலும் சும்மா கிடைத்தது. அதைச் சூடாக்க விறகு வேண்டும், பெரிய அடுப்பு வேண்டும், அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். குளிர் நாடுகளிலும், விறகு அரிதான வறண்ட நாடுகளிலும் ஒரு குடும்பம் தனியாகச் செய்துகொள்ளக் கட்டுபடியாகாத காரியம் அது. ஊருக்கே ஒரு அடுப்பு மூட்டினால் கட்டுபடியாகும். மக்கள் காசு கொடுத்து வாங்கியது சூட்டைத்தான். பெயரும் அதிலிருந்தே பிறந்தது.

கிரேக்கத்தில் தெர்மோஸ் என்றால் சூடானது. ரோமானியர்கள் அதை எடுத்துத் தங்கள் பிரமாண்டமான அரசுக் குளியலகங்களுக்குத் தெர்மே என்று பெயர் வைத்தார்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் இருப்பதும் இதே சொல். பாரசீகத்தில் சூட்டுக்கு கர்ம், தண்ணீருக்கு ஆப். இரண்டும் சேர்ந்து குளியலகத்துக்கு கர்மாபே. ஆர்மீனிய மொழியில் ஜெர்ம். வெந்நீரூற்றுக்குப் பேர்போன ஜெர்முக் என்ற ஊர் அங்கே இருக்கிறது. கிழக்குத் துருக்கியில் வெந்நீரூற்றைச் செர்மிக் என்பார்கள், அது ஆர்மீனியத்திலிருந்து போனது. சம்ஸ்கிருதத்திலும் வெப்பத்துக்கு கர்ம என்றொரு சொல் உண்டு. தமிழ் எழுத்தில் வினைப்பயனைக் குறிக்கும் கர்மா போலத் தெரிந்தாலும் அது வேறு, இது வேறு. இது வடமொழியின் நான்காவது ககரத்தில் தொடங்குவது. தெர்மோஸ், கர்ம், ஜெர்ம், இந்த கர்ம நான்கும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ரோமாபுரிக்காரரும் ஈரானியரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பெயர் வைக்கவில்லை. ஒரே பழஞ்சொல் இரண்டு பக்கமும் பிரிந்து போய் இரண்டு இடத்திலும் குளியலகத்தின் வாசலில் வந்து நிற்கிறது.

உறவே இல்லாத மொழிகளிலும் இதே கதைதான். அரபியில் ஹம்மாம் என்ற சொல்லின் வேர் சூடாக்குவதைக் குறிப்பது. கொதிநீருக்கு ஹமீம், காய்ச்சலுக்கு ஹும்மா என்பதெல்லாம் அதே வேரில் முளைத்தவை. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் மக்கள் குளிக்கப் போகும் வெந்நீரூற்றுப் பகுதியின் பெயர் ஃபில்வொஹா, அம்ஹாரிக்கில் ‘கொதிக்கும் தண்ணீர்’. ஜார்ஜிய மொழியில் த்பிலி என்றால் வெதுவெதுப்பு. அந்த நாட்டின் தலைநகர் திபிலிசியின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். கந்தக வெந்நீர் ஊறும் அதன் பழைய பேட்டைக்கு இன்றும் அபனோதுபானி, அதாவது குளியலகப் பேட்டை, என்று பெயர்.

ரோமுக்குத் திரும்பலாம். அங்கே இரண்டு சொற்கள் வழங்கின. தெர்மே என்பது பேரரசர்கள் கட்டியது: கி.பி. 216-இல் திறந்த கரகல்லாவின் குளியலகம், 306-இல் முடிந்த டயோக்ளீஷியனின் குளியலகம் போன்றவை. தோட்டம், நூலகம், உடற்பயிற்சித் திடல் எல்லாம் சேர்ந்த வளாகங்கள் இவை. தெருவோரத்தில் தனியார் நடத்திய சின்னக் குளியலகத்துக்கு பல்னேயும் என்று பெயர். 4-ஆம் நூற்றாண்டில் எடுத்த ஒரு நகரப் பட்டியல் ரோமில் 11 தெர்மேயும் 856 பல்னேயாவும் இருந்ததாகச் சொல்கிறது. சாதாரண மனிதர் அன்றாடம் போனது இந்த 856-இல் ஒன்றுக்கு. கட்டணம் குவாத்ரன்ஸ் என்ற மிகச் சிறிய செப்புக்காசு.

உள்ளே எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் செனெக்காவைக் கேட்கலாம். தத்துவ அறிஞரான அவர் ஒரு குளியலகத்துக்கு மேலேயே குடியிருந்தபோது எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. எடை தூக்குகிறவர்களின் முக்கல், தோளில் எண்ணெய் தேய்ப்பவரின் கை படும் ஓசை (உள்ளங்கையைக் குவித்து அடித்தால் ஒரு சத்தம், தட்டையாக அடித்தால் வேறு சத்தம் என்று பிரித்துச் சொல்கிறார்), தண்ணீரில் தொப்பென்று குதிப்பவர்கள், குளியலறையில் தன் குரலைத் தானே ரசித்துப் பாடுபவர், அக்குள் முடி பிடுங்குகிறவரின் கீச்சுக் குரல், அவரிடம் மாட்டியவரின் அலறல். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பிற்பகல் இவ்வளவு துல்லியமாக நமக்குக் கிடைத்திருப்பது பெரிய பாக்கியம்.

தெர்மே என்ற பெரிய சொல் பிற்காலத்தில் வெந்நீரூற்று ஊர்களோடு ஒதுங்கிவிட்டது. உலகம் சுற்றியது பல்னேயும்தான். அதுவும் கிரேக்கத்தின் பலனேயோன் என்ற சொல்லிலிருந்து வந்தது. இத்தாலியத்தில் பாஞோ, ஸ்பானியத்தில் பாஞோ, பிரெஞ்சில் பேன் என்று ஆனது. ரஷ்யாவின் பான்யாவும் பேச்சு லத்தீனின் இந்தச் சொல்லிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான மொழியியலாளர்களின் கருத்து. அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. பலனேயோன் என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த கிரேக்கர்களே பிற்காலத்தில் அதை மறந்துவிட்டு, இத்தாலியரிடமிருந்து பாஞோவை வாங்கி, இன்று வீட்டுக் குளியலறையை பான்யோ என்கிறார்கள். கடன் கொடுத்த பணமே வேறு நோட்டாகத் திரும்பி வந்தது போல.

இதே பாஞோவுக்கு இருட்டான பக்கமும் உண்டு. மத்தியதரைக் கடலில் பிடிபட்ட கைதிகளை அடைத்த சிறைகளுக்கும் பாஞோ என்றே பெயர் இருந்தது. பழைய குளியல் கட்டடத்தில் கைதிகளை அடைத்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். 1575 முதல் 1580 வரை அல்ஜியர்ஸில் சிறைப்பட்டிருந்த ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் தன் நாடகம் ஒன்றின் தலைப்பில் ‘அல்ஜியர்ஸின் பாஞோக்கள்’ என்று சொல்வது அந்தச் சிறைகளைத்தான். பிரெஞ்சில் கடுங்காவல் தண்டனைக் கூடத்துக்கு வழங்கிய பாஞ் என்ற சொல் இதன் வழிவந்தது. ஆங்கிலத்துக்குப் போன பேஞ்யோ விபசார விடுதி என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது.

ஆங்கிலத்தில் இந்தச் சறுக்கல் நடந்தது இது முதல் தடவை அல்ல. குழம்பு மாதிரி கொதிக்க வைப்பதைச் சொல்லும் ஸ்ட்யூ என்ற சொல் முதலில் சூடேற்றிய குளியலறையைக் குறித்தது. லண்டனில் தேம்ஸின் தென்கரையில் இருந்த ஸ்ட்யூக்கள் மெல்ல வேறு தொழிலுக்குப் பேர் வாங்கி, 1546-இல் எட்டாம் ஹென்றி அவற்றை மூட உத்தரவிட்டார். ஆணும் பெண்ணும் ஆடை களையும் இடம் என்பதால் இந்தச் சந்தேகம் பல நாடுகளில் குளியலகத்தின் மேல் படிந்திருக்கிறது. ஜப்பானில் போருக்குப் பிறகு இப்படிப்பட்ட விடுதிகளை ‘துருக்கிக் குளியல்’ என்ற பொருளில் தொருகோ என்று அழைத்தார்கள். தன் நாட்டின் பெயர் இப்படிக் கெடுவதைப் பொறுக்காமல் ஒரு துருக்கிய இளைஞர் குரல் கொடுக்க, 1984-இல் விடுதிக்காரர்களே அந்தப் பெயரைக் கைவிட்டு ‘சோப்லாண்ட்’ என்று மாற்றிக்கொண்டார்கள்.

வடக்கே போனால் கதை வேறு. ஜெர்மனில் ஷ்டூபே என்றால் சூடேற்றிய அறை. ஹங்கேரியனின் ஸோபா, செர்பியனின் சோபா, ரஷ்யாவின் மரவீட்டைக் குறிக்கும் இஸ்பா எல்லாம் அந்தக் குடும்பம். ஸ்வீடிஷில் பாத்ஸ்டூகா, அதாவது குளியல் குடில், தேய்ந்து பாஸ்தூ ஆனது. இன்றும் அங்கே சௌனாவுக்கு அதுதான் பெயர். ஐஸ்லாந்தில் இதே சொல் பாத்ஸ்டோவா என்று வழங்கியது. அங்கே மரமும் விறகும் அருகிப் போனதால் குளியலுக்கென்று தனியாகச் சூடேற்ற முடியாமல் போக, பழைய புல்வேய்ந்த பண்ணை வீடுகளில் குடும்பம் முழுவதும் உட்காரவும் உறங்கவும் கம்பளி நூற்கவும் செய்த அறைக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பெயரில் குளியல் இருக்கிறது, அறையில் குளியல் இல்லை.

அதே ஐஸ்லாந்தில் வெந்நீர்க் குளத்துக்கு லாய்க் என்று பெயர். தலைநகர் ரெய்க்யவிக்கின் முக்கியக் கடைத்தெருவான லாய்காவேகுர் என்பது வெந்நீர்க் குளங்களுக்குப் போகும் பாதை. பெண்கள் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு அந்த வழியாகத்தான் துவைக்கப் போனார்கள். சனிக்கிழமைக்கு அங்கே லாய்கர்டாகுர், அதாவது குளிக்கும் நாள். ஸ்வீடிஷின் லோர்டாக், டேனிஷின் லோர்டா, ஃபின்னிஷின் லௌவந்தாய் எல்லாம் இதே பெயர்தான். ‘சனி நீராடு’ என்று படித்து வளர்ந்த நமக்கு, பனிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம் சனிக்கிழமைக்கே அப்படிப் பெயர் வைத்திருப்பது தெரியும்போது அவர்கள் சொந்தக்காரர்களாகத் தெரிகிறார்கள்.

சௌனா ஃபின்னிஷ் சொல். அந்த மொழியிலிருந்து உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் போன சொல் என்று பார்த்தால் அநேகமாக இது ஒன்றுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது லோய்லு. அடுப்புக் கல்லின் மேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றியதும் சுர்ரென்று எழுந்து தோளைத் தொடும் ஆவிக்கு அந்தப் பெயர். இதன் உடன்பிறப்பு ஹங்கேரிய மொழியில் லேலெக். அங்கே அதற்கு ஆன்மா என்று பொருள். ஒரு காலத்தில் மூச்சையும் உயிரையும் குறித்த சொல் ஒரு மொழியில் ஆன்மாவாகவும் இன்னொரு மொழியில் குளியலறை ஆவியாகவும் நின்றிருக்கிறது. சௌனா பெரும்பாலும் வீட்டோடு இருப்பது என்றாலும், அங்கே தம்பெரே நகரில் 1906-இல் தொடங்கிய ராயபோர்த்தி என்ற பொதுச் சௌனா இன்றும் நடக்கிறது. ஃபின்லாந்தின் சௌனாப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-இல் தன் பட்டியலில் சேர்த்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெயர்க் குழப்பத்தில் பாதி இதனால் வருவது. சௌனாவைத் தமிழில் ‘நீராவிக் குளியல்’ என்று எழுதுகிறார்கள். அது ஹமாமுக்குத்தான் அதிகம் பொருந்தும். சௌனாவில் காற்று உலர்ந்தது. வெப்பம் 80 முதல் 100 டிகிரி வரைகூட போகும். வியர்வை உடனுக்குடன் ஆவியாகி உடம்பைத் தணிப்பதால்தான் அதைத் தாங்க முடிகிறது. ஹமாமில் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். வியர்வை ஆவியாக வழியில்லை, அதனால் 40, 50 டிகிரியே போதும், அதற்கு மேல் தாங்காது. ரஷ்யாவின் பான்யா இரண்டுக்கும் நடுவில்: சௌனாவைவிடச் சூடு குறைவு, ஆவி அதிகம்.

பான்யாவில் வெனிக் என்ற பிர்ச் மர இலைக் கட்டை நனைத்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இது எப்போதும் திகைப்பு. ரஷ்யப் பழைய வரலாற்றுக் குறிப்பில் புனித அந்திரேயா வடக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ‘மரக் குளியலகத்தைச் சூடாக்கி, ஆடையைக் களைந்து, இளங்கிளைகளால் தங்களைத் தாங்களே அடித்துக்கொள்கிறார்கள்; யாரும் வதைக்காமலே வதைபடுகிறார்கள்’ என்ற பொருள்பட ரோமில் சொல்வதாக ஒரு கதை இருக்கிறது. பால்டிக் மொழிகளில் அந்த அடியே பெயராகிவிட்டது: லாத்வியனில் பிர்ட்ஸ், லிதுவேனியனில் பிர்திஸ், இரண்டும் இலைக் கட்டால் அடிப்பது என்ற வினையிலிருந்து வந்தவை. சூட்டை விட்டுவிட்டுச் செயலைப் பெயராக்கிய மொழிகள் என்று இவற்றைச் சொல்லலாம். யூதர்களின் இத்திஷ் மொழியில் ஷ்விட்ஸ், வியர்வை. அதுவும் இந்த வகை.

ஹமாமுக்கு வருகிறேன், சொல்வதற்கு அதிகம் இருப்பது இங்கேதான். துருக்கியில் ஹமாமுக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு. இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட துணி பெஷ்தெமால். வழுக்கும் தரையில் காலுக்கு உயரமான மரக்கட்டைச் செருப்பு நாலின். நடுக்கூடத்தில் அடியில் அனல் ஓடும் பெரிய பளிங்கு மேடை கோபெக்தாஷி, வயிற்றுக் கல். சுவரோரம் வடிகால் இல்லாத பளிங்குத் தொட்டி குர்னா. அதிலிருந்து செம்புக் கிண்ணத்தால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும், தொட்டிக்குள் இறங்கக் கூடாது. தேய்த்துவிடும் ஆண் தெல்லாக், பெண் நாதிர். தேய்க்கும் முரட்டுத் துணி உறை கெசே. கல்லில் கால் மணி நேரம் படுத்து உடம்பு ஊறிய பிறகு கெசேயைப் போட்டு இழுத்தால், செத்த தோல் சாம்பல் நிறத் திரியாக உருண்டு வருவதைக் கண்ணால் பார்க்கலாம். கெசே என்பது பை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. மராத்தியில் சட்டைப் பைக்குக் கிசா என்பதும் மலையாளத்தில் கீச என்பதும் இதன் உறவுதான்.

சுவருக்குப் பின்னால் இருக்கும் அடுப்பறைக்குக் கியுல்ஹான் என்று பெயர். வீடு வாசல் இல்லாத பையன்கள் குளிருக்கு அதன் சாம்பலோரம் படுத்து வளர்ந்தார்கள். அவர்களிலிருந்து கியுல்ஹான்பெய், அடுப்பறை ஐயா, என்ற சொல் வந்து இன்று தெருச் சண்டியரைக் குறிக்கிறது. மொராக்கோவில் அடுப்பைக் காக்கிறவர் ஃபர்னாச்சி. மராக்கேஷில் இறைச்சியை மண் ஜாடியில் அடைத்து அவரிடம் கொடுத்துவிட்டால், குளியலகத்துச் சாம்பலில் புதைத்து மணிக்கணக்காக வேகவைத்துத் தருவார். சூடு ஊருக்குப் பொது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குளியலகம் அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு ஊறியிருந்தது என்பது பழமொழிகளில் தெரிகிறது. ‘பழைய ஹமாம், பழைய கிண்ணம்’ என்றால் துருக்கியில் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். எகிப்தில் ‘ஹம்மாமுக்குள் நுழைவது போல இல்லை வெளியே வருவது’ என்பார்கள். எளிதாகத் தொடங்கிய காரியத்திலிருந்து எளிதாக விடுபட முடியாது. இந்தியில் ‘ஹமாமில் எல்லாரும் நிர்வாணம்தான்’ என்றால் ஒருவரை ஒருவர் குறை சொல்லத் தகுதியில்லை என்பது. ஆளாளுக்கு ஒரே நேரத்தில் பேசும் இரைச்சலைப் ‘பெண்கள் ஹமாம்’ என்பது துருக்கியிலும் ஈரானிலும் உண்டு. குளித்துவிட்டு வருகிறவரைப் பார்த்து அரபியில் நயீமன் என்றும், துருக்கியில் ஸிஹாத்லேர் ஒல்சுன் என்றும், பாரசீகத்தில் ஆஃபியத் பாஷே என்றும், ரஷ்யனில் ‘இதமான ஆவி அமையட்டும்’ என்ற பொருளில் ஸ்லோக்கிம் பாரம் என்றும் வாழ்த்துவார்கள்.

ஆங்கிலத்தில் ‘டர்கிஷ் பாத்’ என்ற பெயர் வந்ததும் ஒரு கதை. துருக்கியில் ஹமாமைப் பார்த்துவிட்டு வந்த ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் அர்குஹார்ட்டும், அயர்லாந்து மருத்துவர் ரிச்சர்ட் பார்ட்டரும் 1856-இல் அயர்லாந்தில் பிளார்னி என்ற ஊர் அருகே ஒன்றைக் கட்டினார்கள். பிறகு பார்ட்டர் ஆவியைக் குறைத்து ரோமானியர் பாணியில் உலர்ந்த வெப்பமாக மாற்றினார். ஆங்கிலேயர் அதைத் துருக்கிக் குளியல் என்றே தொடர்ந்து சொல்ல, ஜெர்மானியர் ‘ரோம-ஐரிஷ் குளியல்’ என்றார்கள். பாடன்-பாடனில் 1877-இல் திறந்த ஃபிரீட்ரிஷ்பாத் இன்றும் அந்தப் பெயரில்தான் அறியப்படுகிறது. வட ஆப்பிரிக்காவில் ஹம்மாமைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் ‘மூர் குளியல்’ என்றார்கள். யார் யாரிடமிருந்து பார்த்தார்களோ அவர்கள் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஸ்பா என்பது பெல்ஜியத்தில் ஊற்றுநீருக்குப் பேர்போன ஒரு ஊர். ஊர்ப் பெயரே எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. லத்தீனில் ‘தண்ணீரால் ஆரோக்கியம்’ என்ற தொடரின் முதலெழுத்துகள் என்று பரப்பப்படும் விளக்கம் பின்னால் கட்டியது, நம்ப வேண்டாம்.

கிழக்கே வந்தால் ஜப்பானியத்தில் குளிர்ந்த தண்ணீருக்கு மிசு, சூடான தண்ணீருக்கு யு என்று அடிப்படையிலேயே இரண்டு தனிச் சொற்கள். குளியலகத்து வாசல் திரையில் யு என்ற ஒற்றை எழுத்தை மட்டும் போட்டால் போதும், எல்லாருக்கும் புரிந்துவிடும். சென்தோ என்றால் ‘காசு வெந்நீர்’: சென் காசு, தோ வெந்நீர். இன்றைய டோக்கியோவான எடோவில் 1591-இல் முதல் குளியலகம் திறந்தபோது கட்டணம் எய்ராக்கு என்ற நாணயத்தில் ஒரு காசு என்று பதிவு இருக்கிறது. சூட்டை விலைக்கு வாங்கினார்கள் என்று மேலே சொன்னேனே, அதை ஒளிவுமறைவில்லாமல் பெயரிலேயே எழுதி வைத்தவர்கள் இவர்கள்தான். அந்தக் காலத்தில் வாசலில் வில்லும் அம்பும் அடையாளமாகத் தொங்கவிட்டார்கள்; ‘அம்பு எய்தல்’ என்பதும் ‘வெந்நீரில் இறங்குதல்’ என்பதும் ஜப்பானிய ஒலியில் ஒன்றுபோல இருப்பதால் வந்த சிலேடை அது. ஃபுரோ என்ற இன்னொரு சொல் முதலில் ஆவிக் குளியலைக் குறித்து, பிறகு வீட்டுத் தொட்டிக்கு மாறியது. பொருள்களைச் சுற்றி எடுத்துப் போகும் ஃபுரோஷிகி துணி, குளியலகத்தில் விரித்த துணியாக இருந்து வந்தது. ஒன்சென் இதிலிருந்து வேறுபட்டது: தரைக்கடியிலிருந்து வரும் ஊற்றுநீர். 1948-இல் வந்த சட்டப்படி, ஊறும் இடத்தில் 25 டிகிரியாவது இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட தாதுக்கள் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியும்.

தோ என்று ஜப்பானியர் சொல்லும் அதே எழுத்தைச் சீனர்கள் தாங் என்பார்கள். பழைய சீனத்தில் வெந்நீர், இன்றைய சீனத்தில் சூப். ஜப்பானியக் குளியலகப் பலகையை முதல் தடவை பார்க்கும் சீனருக்குச் சூப்புக் கடை நினைவு வராமல் இருக்காது. கொரியாவிலும் பொதுக் குளியலகத்துக்கு மொக்யோக்தாங் என்று அதே தாங். மொக் தலைக்குக் குளிப்பது, யோக் உடம்புக்குக் குளிப்பது. தலைக்கு, மேலுக்கு என்று நாம் பிரிக்கிற மாதிரியே. சூடான அறையில் படுத்துத் தூங்கக்கூடச் செய்யும் ஜிம்ஜில்பாங் அங்கே பிற்காலத்தில் வந்தது. கொரியரின் தேய்க்கும் உறைக்கு ‘இத்தாலித் துண்டு’ என்று பெயர். 1960-களில் பூசானில் அதைச் செய்தபோது துணி இத்தாலியிலிருந்து வந்தது என்பார்கள்.

இந்தியாவில் இது இல்லவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பௌத்தத் துறவிகளின் வினய நூலில் ஜந்தாகர என்ற சூட்டறை வருகிறது. புகைபோக்கி, கதவு எல்லாவற்றுக்கும் விதி உண்டு. நெருப்பின் அனல் முகத்தைச் சுட்டதால் முகத்தில் மண் பூசிக்கொள்ளவும் அனுமதி தரப்பட்டது. கடலுக்கு அப்பால் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் தெமாஸ்கல்லி, ஆவிக் குளியல் வீடு. இவர்கள் யாரும் யாரையும் பார்த்ததில்லை.

சரி, தமிழில் ஏன் இப்படி ஒரு சொல் இல்லை? நமக்குச் சூடு விலைக்கு வாங்க வேண்டிய பொருளாக இருக்கவில்லை. ஊர் கூடிக் குளித்த இடம் ஆறும் குளமும்; அதற்குத் துறை, படித்துறை, நீராடுதுறை என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. குளித்தல் என்பதே மூழ்குவதைச் சொன்ன சொல், முத்துக்குளித்தலில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. கூரையும் அடுப்பும் கட்டணமும் உள்ள கட்டடத்துக்கு நமக்குப் பெயர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஹமாம் என்றால் இன்றும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது சோப்பு.

ஆகவே மொழிபெயர்க்கும்போது நான் செய்வது இது. பொதுவாகச் சொல்ல ‘பொதுக் குளியலகம்’. ‘குளியலறை’ என்றால் வீட்டு அறை என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். குறிப்பிட்ட பண்பாட்டுக்குரியதை அதன் பெயரிலேயே விட்டு, முதல் தடவை வரும்போது நாலு வார்த்தை சேர்ப்பேன்: ‘சென்தோ என்னும் வெந்நீர்க் குளியலகம்’, ‘பான்யாவின் ஆவியறை’. ஒன்சென்னுக்கு ‘வெந்நீரூற்று’ போதும். ரோமானியர் என்றால் தெர்மேயையும் பல்னேயுமையும் ஒன்றாக்காமல், ‘பேரரசுக் குளியலகம்’, ‘தெருக் குளியலகம்’ என்று பிரிப்பேன்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. குழாயில் வெந்நீர் வந்ததும் பல மொழிகளில் இந்தச் சொல்லும் வீட்டுக்குள் வந்துவிட்டது. இன்றைய அரபியிலும் பாரசீகத்திலும் ஹம்மாம் என்று மட்டும் சொன்னால் வீட்டுக் குளியலறை. அரபியில் கழிப்பறையாகவும் இருக்கும். பொதுக் குளியலகத்தைச் சொல்ல சிரியாவில் ‘கடைத்தெரு ஹம்மாம்’ என்றும் ஈரானில் ‘பொது ஹம்மாம்’ என்றும் அடைமொழி சேர்ப்பார்கள். போலிஷில் லாழ்ன்யா பொதுக் குளியலகம், அதன் சின்ன வடிவமான லாழியென்கா இப்போது வீட்டுக் குளியலறை. துருக்கியர் மட்டும் சாமர்த்தியமாக வீட்டு அறைக்கு இத்தாலியரின் பாஞோவை பான்யோ என்று வாங்கிக்கொண்டு, ஹமாமைப் பொது இடத்துக்கே விட்டுவைத்தார்கள். அதனால் ஒரு துருக்கியக் கதையில் யாராவது ஹமாமுக்குப் போனால் குளியலகம் என்று தயங்காமல் எழுதலாம். இக்கால அரபிக் கதையில் போனால், அவர் தெருவில் இறங்கினாரா, பக்கத்து அறைக்குத்தான் போனாரா என்று முதலில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.